சஸ்பென்ஷன் தேய்ந்த பழைய கார்: பார்த்துப் பேசி வாங்க ஒரு வழிகாட்டி

"இன்ஜின் பக்கா கண்டிஷன். சஸ்பென்ஷன்ல மட்டும் லேசா ஒரு சத்தம் இருக்கு, அவ்வளவுதான்." பழைய கார் பார்க்கப் போனவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் வந்திருக்க மாட்டார்கள். இதைக் கேட்டதும் சிலர் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். வேறு சிலர், லேசான சத்தம்தானே என்று முன்பணம் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே பட்டறை வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுமே அவசர முடிவு.

சக்கரத்தை வண்டியோடு இணைத்து, குலுக்கலைத் தாங்கும் அமைப்புதான் சஸ்பென்ஷன். அதில் தேய்கிற பாகங்கள் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை), லிங்க் ராடு, பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), ஷாக் அப்சார்பர் (குலுக்கலைத் தணிக்கும் தண்டு, சுருக்கமாக ஷாக்) எல்லாமே கழற்றி மாட்டக்கூடியவை. புதிதாக மாட்டினால் வண்டி பழையபடி ஓடும். ஆனால் இந்தப் பாகங்களைத் தாங்கி நிற்கிற இரும்பு வளைந்திருந்தாலோ, துரு தின்றிருந்தாலோ கதையே வேறு. தேய்ந்த வண்டியை விலை குறைத்து வாங்கலாம், சில சமயம் அதுதான் நல்ல பேரமாகவும் அமையும். வளைந்த வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கி, வரிசையாகப் பார்த்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தின் அளவுக்கும் செலவின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. வண்டியே கழன்று விழுகிறதோ என்று பயமுறுத்தும் 'கட கட' சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கில் (அதாவது லிங்க் ராடில்) இருந்து வரும். இருக்கிற பாகங்களிலேயே மலிவானவற்றில் அது ஒன்று. அதே சமயம், கழன்றால் சக்கரமே மடங்கிவிடக்கூடிய பால் ஜாயின்ட் கடைசிவரை சத்தமே போடாமலும் இருக்கும். அதனால் காதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கீழே என்னென்ன இருக்கிறது

சாதாரண கார்கள் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் இருக்கும். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வடிவமைத்தது, இன்றும் மாறவில்லை. ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கும். தூணின் மேல்முனை, பானெட்டுக்குள் தெரியும் வட்டமான மேட்டில் ரப்பர் மவுன்ட், பேரிங் வழியாக மாட்டப்பட்டிருக்கும். கீழ்முனை சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு போல்ட்டால் முறுக்கப்பட்டிருக்கும். நக்கிளைக் கீழே பிடித்திருப்பது லோயர் ஆர்ம். ஆர்மின் வெளிமுனையில் பால் ஜாயின்ட் இருக்கும், உள்முனையில் இரண்டு ரப்பர் புஷ்கள் இருக்கும். திருப்பத்தில் வண்டி சாயாமல் இருக்க இடதையும் வலதையும் இணைக்கும் கம்பி ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனையிலும் இருப்பவைதான் லிங்க் ராடுகள். ஸ்டீயரிங் ரேக்கில் இருந்து சக்கரத்துக்கு வருவது டை ராடு, அதன் நுனி டை ராடு எண்டு.

பின்பக்கம் சின்ன கார்களில் பெரும்பாலும் ஒரே குறுக்குச் சட்டம், இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக், இரண்டு பெரிய புஷ். பிரச்சினை குறைவு. பெரிய கார்களில் பின்னாலும் பல ஆர்ம்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் புஷ் இருக்கும். ஒரு பக்கத்துக்கே நான்கு, ஐந்து ஆர்ம் என்றால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போகும் முன்

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் போங்கள். நனைந்த ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, தண்ணீர் வழிகிறதா என்று தெரியாது. வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். டார்ச், அளவு நாடா, காற்று அளக்கும் கேஜ், பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் வந்தால் ரொம்ப நல்லது, சில சோதனைகளுக்கு ஒருவர் ஸ்டீயரிங்கை அசைக்க வேண்டியிருக்கும்.

போனிலேயே இரண்டு கேள்வி கேட்டு வையுங்கள். டயர் எப்போது மாற்றியது? சஸ்பென்ஷனில் இதுவரை என்ன மாற்றியிருக்கிறது, பில் இருக்கிறதா? விற்பதற்குப் போன மாதம்தான் நாலு டயரும் புதிதாகப் போட்டேன் என்று பதில் வந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். தேய்ந்த டயர் ஒரு சாட்சி. அந்தச் சாட்சி இப்போது இல்லை என்று அர்த்தம். வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்லவில்லை, ஆனால் நமக்கு ஒரு தடயம் குறைந்துவிட்டது.

நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டியவை

சமதளத்தில், ஸ்டீயரிங் நேராக இருக்கும்படி நிறுத்தச் சொல்லுங்கள். பத்தடி தள்ளி நின்று முன்னும் பின்னும் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா? கண் ஏமாற்றும், அளவு நாடாவை எடுங்கள். சக்கரத்தின் மையத்தில் இருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து, இடது வலது ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், தளர்ந்திருக்கலாம், அல்லது அடி வாங்கிய வண்டியாக இருக்கலாம். காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் கடைசிச் சுற்றில்தான் உடையும். அது கீழே இருக்கையில் ஒளிந்திருப்பதால் வண்டிக்காரருக்கே தெரியாமல் பல மாதம் ஓடியிருக்கும். டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் கீழ்நுனியைப் பாருங்கள். தொழிற்சாலையில் வெட்டிய நுனி ஒழுங்காக, பெயின்ட்டோடு இருக்கும். உடைந்த நுனி கரடுமுரடாக, துருவேறி இருக்கும்.

அடுத்து டயர். இங்கே அவசரப்படவே கூடாது, சஸ்பென்ஷனின் வரலாறே டயரில்தான் எழுதியிருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் முன் டயரின் உள்விளிம்பு வெளியே தெரியும். வெளியில் இருந்து பார்க்கும்போது நன்றாக இருக்கும் டயர், உள்விளிம்பில் கம்பி தெரிய மொட்டையாக இருப்பது ரொம்பச் சகஜம். உள்விளிம்பு மட்டும் அல்லது வெளிவிளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்கள்) கெட்டிருக்கிறது, அதற்குப் பின்னால் தளர்ந்த புஷ்ஷோ வளைந்த ஆர்மோ இருக்கலாம். இரண்டு விளிம்பும் சமமாகத் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறார்கள், நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இவை சஸ்பென்ஷன் குற்றம் ஆகா.

இப்போது கையை வையுங்கள். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒரு முறை, வெளியில் இருந்து உள்ளே ஒரு முறை தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் அரம் மாதிரி பிசிறாகவும் இருந்தால் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) சரியில்லை. அப்புறம் சுற்றுவாட்டத்தில் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகக் கைக்குத் தட்டுப்பட்டால் ஷாக் செத்துப்போய், டயர் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயரைத் தடவாதீர்கள், கையைக் கிழித்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியாக நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். நாலு டயரும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். முன்னால் மட்டும் புத்தம் புதிது, பின்னால் பழையது என்றால் ஏன் என்று கேளுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்க்க மறக்காதீர்கள். புதிய டயர் மாட்டியவர்கள் பழைய டயர்களில் சுமாரான ஒன்றை ஸ்டெப்னியாகப் போட்டுவிடுவது வழக்கம். மறைந்துபோன சாட்சி சில சமயம் அங்கே படுத்திருக்கும்.

ஷாக்கைச் சோதிக்க எல்லாரும் செய்வது, ஒரு மூலையை உடல் எடை கொடுத்து இரண்டு மூன்று முறை அமுக்கி விடுவது. விட்டதும் வண்டி மேலே வந்து ஒரே மூச்சில் நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஊஞ்சலாடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் ஊஞ்சலாடவில்லை என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. பாதி தேய்ந்த ஷாக் இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். அமுக்கும்போது வரும் கீச் சத்தத்தையும் 'டொக்' ஒலியையும் கவனிக்கத்தான் நான் இதைச் செய்வேன்.

சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து ஷாக்கின் உடலைப் பாருங்கள். மேல்பகுதியில் மட்டும் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் தூசி ஒட்டியிருந்தால் கவலைப்பட வேண்டாம். கீழ்வரை ஈரமாக வழிந்திருந்தால் அந்த ஷாக் முடிந்தது. பிரேக் எண்ணெயோ, டிரைவ் ஷாஃப்ட் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கிரீஸோ தெறித்ததா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், ஆளை மாற்றிப் பழி போட வேண்டாம்.

பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட் இரண்டு பக்கமும் தெரியும். அதைச் சுற்றியுள்ள தகட்டில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, இணைப்பில் பூசிய சீலர் பிளந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் மேலே வீங்கியிருக்கிறதா, வெல்டிங் தழும்பு தெரிகிறதா என்று இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தை மட்டும்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள், தயவுசெய்து இந்த இடத்தைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

முதலில் நாலு டயரிலும் காற்றை அளந்து, கதவுத் தூணில் அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பள்ளத்தில் வண்டி மெத்தென்று போகும், சத்தமும் அடங்கும். விற்பவர்களில் சிலருக்கு இது நன்றாகத் தெரியும். புஷ் மேல் கிரீஸோ ஸ்பிரேயோ அடித்துப் பளபளப்பாக வைத்திருப்பதும் அதே ரகம்தான். அது நாலைந்து நாளைக்குக் கீச்சொலியை அடக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது.

பாட்டை அணைக்கச் சொல்லுங்கள். ஜன்னல்களை இறக்குங்கள். முடிந்தால் பாதித் தூரம் நீங்கள் ஓட்டுங்கள், பாதித் தூரம் விற்பவர் ஓட்டட்டும், நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்து பின்பக்கச் சத்தத்தைக் கேளுங்கள்.

கிளம்பும் முன், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை இந்த முனையில் இருந்து அந்த முனை வரை மெதுவாகத் திருப்புங்கள். முன்னால் இருந்து 'டங்' என்று ஸ்பிரிங் சுண்டிவிட்ட மாதிரி சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் இறுகிப்போயிருக்கிறது. திருப்பியபடியே மெல்ல நகர்த்தும்போது 'கட் கட் கட்' என்று சீராக வந்தால் அது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், சஸ்பென்ஷன் கணக்கில் வராது, ஆனால் செலவுக் கணக்கில் வரும்.

அப்புறம் கரடுமுரடான சாலையில் 20, 30 கி.மீ. வேகத்தில் போங்கள். சின்னச் சின்னக் குழிகளில் லேசாக, வேகவேகமாகத் தட்டுகிற சத்தம் லிங்க் ராடு அல்லது ஸ்டெபிலைசர் புஷ். பெரிய பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் 'டம்' என்று அடிப்பட்டால் ஷாக் தாங்காமல் பம்ப் ஸ்டாப் (கடைசித் தடுப்பாக இருக்கும் கட்டை) வரை போய் இடிக்கிறது, அல்லது பம்ப் ஸ்டாப்பே நொறுங்கிப்போயிருக்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கதவுக் கீல் மாதிரி முனகினால் காய்ந்த ரப்பர். முனகலுக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆளில்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக முன்னே போய்ச் சட்டென்று பிரேக் பிடியுங்கள். பிறகு ரிவர்ஸில் அதே மாதிரி. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கனமான 'டொக்' வந்தால் லோயர் ஆர்மின் பின் புஷ் கிழிந்திருக்கிறது, ஆர்ம் முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கிறது. இந்த வண்டிகளில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கமாகச் சுண்டும்.

நல்ல சாலையில் வேகம் எடுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார்க்க ஸ்டீயரிங்கை லேசாக விட்டுப் பிடியுங்கள், முழுசாகக் கையை எடுக்காதீர்கள். சாலைகள் ஓரமாகச் சரிந்துதான் போடப்பட்டிருக்கும், அந்தப் பக்கம் மெதுவாக நகர்வது இயல்பு. சரிவுக்கு எதிராக இழுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால், அலைன்மென்ட் பார்க்காமல் ஏதோ பாகத்தை மாற்றியிருக்கிறார்கள், அல்லது ஏதோ வளைந்திருக்கிறது.

80 முதல் 110 கி.மீ. வேகத்துக்குள் ஸ்டீயரிங் நடுங்கி, அதைத் தாண்டினால் நின்றுவிட்டால் பெரும்பாலும் வீல் பேலன்சிங் அல்லது நெளிந்த ரிம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க். வேகத்தோடு கூடவே ஏறும் 'ஊஊ' என்ற முழக்கம் வீல் பேரிங்காக இருக்கலாம். இடது வளைவில் அது கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அப்போது பாரம் வலப்பக்கம் சாய்கிறது. அலை அலையாகத் தேய்ந்த டயரும் இதே மாதிரி முழங்கும். நீங்கள்தான் ஏற்கெனவே டயரைத் தடவிப் பார்த்துவிட்டீர்களே, இப்போது அது உதவும்.

தூக்கிப் பார்ப்பது

இதை விற்பவர் வீட்டு வாசலில் செய்ய வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த பட்டறையில், லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. பட்டறைக்கு வர விற்பவர் மறுத்தால் அதுவே போதுமான பதில். ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் தலையைக்கூட விடக்கூடாது. ஸ்டாண்ட் வைக்காத வண்டி எந்த நிமிடமும் இறங்கும்.

தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒருவர் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக விரல் அளவு மட்டும் வேகமாக அசைக்க வேண்டும். இன்னொருவர் டை ராடு எண்டு, ரேக் எண்டு (டை ராடின் உள்முனை), லோயர் ஆர்ம் புஷ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தும் தொட்டும் வர வேண்டும். இரண்டு துண்டுகளும் ஒன்றாக அசைந்தால் நல்லது. ஒன்று அசைந்து, ஒரு நொடி தாமதித்து மற்றது அசைந்தால் ஆட்டம் அங்கேதான். விரலில் 'டிக்' என்று ஒரு சின்ன அடி தெரியும். காதுக்கு எட்டாத தேய்மானம்கூட இப்படி விரலில் அகப்பட்டுவிடும்.

தூக்கிய பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். எது என்று பிரிக்க ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் பக்கம். அதே சக்கரத்தை இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டினால் வரும் தளர்வு டை ராடு அல்லது ரேக் எண்டில் இருந்து வருவது. சில வண்டிகளில் ஸ்பிரிங், லோயர் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும். அவற்றில் ஜாக்கியை ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால்தான் கீழ் பால் ஜாயின்ட்டின் பாரம் இறங்கி, உண்மையான ஆட்டம் தெரியும். லிங்க் ராடு பார்க்கும்போது இரண்டு முன் சக்கரமும் தொங்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தொங்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கி இழுத்துப் பிடிக்கும், தளர்வு ஒளிந்துகொள்ளும்.

புஷ் ரப்பரின் மேல்தோலில் வெடிப்பு இருப்பது வயது. அந்த வெடிப்பு உள்ளே ஆழமாக ஓடி, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால் மாற்ற வேண்டும். கடப்பாரை மாதிரி சின்ன நெம்புகோலால் மெக்கானிக் நெம்பிக் காட்டுவார். நெம்பினால் எந்த புஷ்ஷும் கொஞ்சம் அசையும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இரும்பும் இரும்பும் இடிக்கிறதா என்பதைப் பாருங்கள். சில கார்களின் பெரிய புஷ்களுக்குள் எண்ணெய் இருக்கும், கருப்பாகக் கசிந்திருந்தால் அது முடிந்த கதை. பால் ஜாயின்ட், டை ராடு எண்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்விட்டன என்று பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட் தாள்: பேசாமல் பேசும் ரிப்போர்ட்

வாங்குவதற்கு முன் அலைன்மென்ட் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு இது புரிந்ததே இல்லை. மற்ற எல்லாச் செலவையும் வைத்துப் பார்த்தால் இது சில்லறைதான், ஆனால் வண்டியின் எலும்பு நேராக இருக்கிறதா என்பதை எண்ணாக அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. சரிசெய்ய வேண்டாம், அளந்து தாள் மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள்.

தாளில் டோ சிவப்பில் இருந்தால் பெரிதாகக் கவலை இல்லை, டை ராடைத் திருகிச் சரிசெய்துவிடலாம். கேம்பர் (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம்), காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு முன்னே அல்லது பின்னே சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டையும் கவனியுங்கள். மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள பல கார்களில் இவற்றைத் திருகிச் சரிசெய்ய வழியே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் இடது, வலது கேம்பருக்கு இடையே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. பழைய புஷ், தளர்ந்த ஸ்பிரிங்கூட அளவைக் கொஞ்சம் மாற்றும். அதனால் லிஃப்ட்டில் பார்த்ததோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். புஷ் எல்லாம் உறுதி, ஸ்பிரிங் உயரம் சமம், ஆனாலும் ஒரு பக்கக் கேம்பர் எங்கோ நிற்கிறது என்றால் ஸ்ட்ரட், நக்கிள், சப்ஃப்ரேம் (ஆர்ம்கள் மாட்டப்பட்டிருக்கும் அடிச் சட்டம்) மூன்றில் ஒன்று அடி வாங்கியிருக்கிறது. பின்சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று காட்டும் த்ரஸ்ட் கோணமும் தாளில் இருக்கும். பின்னால் ஒரே சட்டம் உள்ள வண்டியில் அது அளவைத் தாண்டியிருந்தால் சட்டமே நகர்ந்திருக்கலாம்.

கையிலேயே இன்னொரு அளவு எடுக்கலாம். சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கர மையத்தில் இருந்து பின்சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் அளந்தால் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு. 1961-ல் வந்த ரெனோ 4 காரில் பின்பக்க டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள்) ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே போனதால், தொழிற்சாலையிலேயே ஒரு பக்கம் சுமார் 5 செ.மீ. நீளமாக இருந்தது. நீங்கள் பார்க்கும் வண்டி அது இல்லையென்றால், இவ்வளவு வித்தியாசத்துக்கு விற்பவரிடம் நல்ல விளக்கம் இருக்காது.

எப்போது எழுந்து வந்துவிட வேண்டும்

ஸ்ட்ரட் மேட்டில் வெடிப்பு அல்லது வெல்டிங். சப்ஃப்ரேமிலோ, ஆர்ம் மாட்டும் இடத்திலோ தகடாக உரியும் துரு, ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகிற துரு. சப்ஃப்ரேம் போல்ட்டைச் சுற்றி, அது நகர்ந்ததைக் காட்டும் பளபளப்பான தடம். வெட்டிச் சுருக்கிய ஸ்பிரிங், உயரத்துக்காக இடையில் சொருகிய கட்டைகள். இவற்றில் எதற்கும் பேரம் பேச வேண்டாம்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய கார்கள் தனி ரகம். பல மாடல்களில் ஒரு மூலைக்கு ஆகும் செலவில் சாதாரணக் காரின் முழு சஸ்பென்ஷனையும் மாற்றிவிடலாம். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பாருங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தாலோ, ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினாலோ, முதன்முதலாகப் பழைய கார் வாங்குபவர்களுக்கு அந்த வண்டி வேண்டாம். ஷாக்கில் மின்வயர் சொருகியிருக்கும் கார்களுக்கும் அதே எச்சரிக்கை பாதி அளவு பொருந்தும். புதிய ஷாக்கின் விலையைக் கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

கணக்கும் பேரமும்

மாற்ற வேண்டியவற்றின் பட்டியலை பட்டறைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். பாகத்தின் விலை, லேபர், அலைன்மென்ட், டயர் நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதில்லை, ஜோடியாகத்தான். ஒன்று கசிகிறது என்றால் இரண்டுக்கு எழுதுங்கள். புஷ்ஷின் விலை அற்பமாக இருக்கும், ஆனால் ஆர்மைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துப் பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்ற வேண்டும். பல மாடல்களில் பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் சேர்ந்த முழு ஆர்மாக வாங்குவதே லாபம். துருப்பிடித்த பழைய வண்டியில் போல்ட் கழலாமல் வெட்ட வேண்டிவரும், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரத்தில் நியாயமும் வேண்டும். பத்து வயது வண்டியின் சந்தை விலையில், ஓரளவு தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். அதே மாடல், அதே வயது, நல்ல சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, அதில் இருந்து பட்டறைப் பட்டியலைக் கழியுங்கள். விற்பவர் ஏற்கெனவே குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்றால், முழுப் பில்லையும் மறுபடி கழிக்கச் சொல்வது எடுபடாது. "இந்த வயசு வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு, "உண்மைதான் சார், ஆனா இந்த பால் ஜாயின்ட்டை மாத்தாம நான் வீட்டுக்கே ஓட்டிட்டுப் போக முடியாது, பாருங்க" என்று தாளைக் காட்டுங்கள். "நானே சரிபண்ணித் தரேன்" என்று விற்பவர் சொன்னால் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். விற்கப்போகும் வண்டிக்கு யாரும் நல்ல பாகம் வாங்கிப் போடுவதில்லை. விலையைக் குறைத்துக்கொண்டு நீங்களே செய்வது மேல்.

வாங்கிய பிறகு

பால் ஜாயின்ட்டிலோ டை ராடு எண்டிலோ ஆட்டம் இருந்தால், ஸ்பிரிங் உடைந்திருந்தால், வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஏற்றிக்கொண்டு வாருங்கள். கைக்காசு மொத்தமாக இல்லையென்றால் அவற்றை முதலில் முடியுங்கள். அடுத்து ஷாக், ஆர்ம் புஷ். லிங்க் ராடு கடைசியில் கூட வரலாம், அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருக்கட்டும்.

பாகம் வாங்கும்போது ஒரிஜினல் பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுக்கும் கேஒய்பி, மன்ரோ, சாக்ஸ், லெம்ஃபோர்டர் போன்றவை தங்கள் பெயரிலும் விற்கின்றன. தவிர்க்க வேண்டியது பெயரே தெரியாத பாதி விலைப் பாகங்களை. அவற்றில் ரப்பர் ஒரு வருடம்கூடத் தாங்காது என்பது பட்டறைக்காரர்கள் எல்லாரும் சொல்வது. ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பிறகு தனியாக மாற்றினால் அதே லேபரை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். ஸ்ட்ரட் ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற முயலாதீர்கள். அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும்.

பட்டறையில் ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லிவையுங்கள். ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் முழுசாக முறுக்கக்கூடாது. கையால் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கு. தொங்கும் நிலையிலேயே முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கேறிய நிலையில் நிற்கும், புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழியும். பாகம் டூப்ளிகேட் என்று பழி வரும், உண்மையில் தவறு முறுக்கிய விதத்தில் இருக்கும். பல பட்டறைகளில் அவசரத்தில் இதை விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட், அதற்குப் பிறகுதான் புதிய டயர் வேண்டுமா என்ற முடிவு. சில புதிய கார்களில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் ஸ்கேனர் வைத்து மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். கழற்றிய பழைய பாகங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். 500 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறை லிஃப்ட்டில் ஏற்றி, போல்ட்டுகளின் இறுக்கத்தையும் முன் டயர்களின் உள்விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.